எல்போ வரும் வரை

கார்தெனாஸ்
12 பிப்ரவரி 1994

அன்புள்ள ஒனேலியா அக்காவுக்கு,

நானும் உன் மகளும் இரண்டு கால்களில் நிற்கிறோம். இந்தக் காலத்தில் அதுவே பெரிய சேதி. மிலாவின் கண் மங்கல் குறைந்திருக்கிறது. மருத்துவர் கொடுக்கும் மஞ்சள் மாத்திரையை விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். உன் முதுகுவலி எப்படி? நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிறவளுக்கு அது போகாது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

எனக்கு ஒரு இன்ஜின் கிடைத்திருக்கிறது. ரஷ்யர்கள் இருந்த காலத்துப் பம்ப்செட்டிலிருந்து கழற்றியது. ஒற்றை சிலிண்டர், பெட்ரோலில் ஓடுவது. போய்ச் சேர்ந்த என் மனைவியின் தையல் மெஷினையும் ஒரு பன்றிக்குட்டியையும் கொடுத்து வாங்கினேன். பின்வாசலில் நாலு தக்காளிச் செடி வைத்துத் தண்ணீர் பாய்ச்சலாம் என்று எண்ணம். ஆனால் அதைக் கிளப்பினால் தெருவே எழுந்து வருகிறது. யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று மேலே சொல்லும் எங்கள் தெருக் கமிட்டித் தலைவி ஃபெர்மினா மதில்மேல் தலையை வைத்து, "என்ன ரிகோ, வீட்டுக்குள்ள டிராக்டரா?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சுண்டக் காய்ச்சிய பால் டின்கள் மூன்றை ஒன்றோடொன்று பற்றவைத்துப் புகைக்குழாயின் வாயில் மாட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு மூன்றும் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கோழியின் தலைக்கு மேலே சென்றன. கோழி அன்றிலிருந்து முட்டை இடவில்லையாம். அதற்கும் நான்தான் பொறுப்பாம்.

உப்பளத்துப் பம்ப்புகளுக்கு நீயே சைலன்சர் செய்து மாட்டியிருக்கிறாய் என்று மிலா சொன்னாள். எப்படி என்று விவரமாக எழுது. அவள் உனக்கு முத்தம் சொல்கிறாள். தனியாக எழுத நேரமில்லையாம்.

உன் தம்பி
ரிகோ

*

கைமனேரா
2 மார்ச் 1994

தம்பி ரிகோ,

உன் கடிதம் கண்டதும் முதுகுவலி கொஞ்சம் மறந்தது, சிரித்ததில் மறுபடி வந்துவிட்டது. இங்கே மின்சாரம் வந்தால்தான் வியப்பு. சோறு இருக்கிறது, மீன் இருக்கிறது, உப்புக்குக் குறைவில்லை. கேட்டால் மூட்டையாகவே அனுப்புவேன்.

டின் ஏன் பறந்தது தெரியுமா? இன்ஜினிலிருந்து வரும் புகை வெடித்துக்கொண்டு வருகிறது. அதன் வாயைப் பொத்தினால் அடிக்கும். அதை அகலமான இடத்தில் விட வேண்டும். அங்கே அது விரிந்து, சூடு தணிந்து, மெதுவாக வெளியே நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் சைலன்சர். தடிமனான உருளை ஒன்று தேடு. கழித்துப் போட்ட தீயணைப்பு உருளை மிக நல்லது. அதன் நடுவில் ஒரு குழாய், குழாய் நெடுகத் துளைகள். துளைகளையெல்லாம் சேர்த்தால் குழாயின் வாயைவிட இரண்டு மடங்காவது வர வேண்டும். குறைந்தால் இன்ஜின் மூச்சுத் திணறும். குழாயைச் சுற்றிக் கம்பி வலை, அதற்கு மேல் பழைய அடுப்பில் வெப்பம் காக்க வைக்கும் கண்ணாடிப் பஞ்சு. கையுறை போட்டுக்கொள்.

உன் பின்வாசல் முழுக்கச் சதுப்பு. அங்கே தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினாலும் ஊற்றலாம், பாய்ச்ச என்ன அவசியம் என்று நான் கேட்கவில்லை. நீ தக்காளி வளர்த்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதையும் சொல்லவில்லை.

மிலாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா? ரஷ்ய மொழியில் எழுதட்டும், நான் யாரையாவது பிடித்துப் படித்துக்கொள்கிறேன்.

ஒனேலியா

*

கார்தெனாஸ்
27 மார்ச் 1994

அக்கா,

இது தபாலில் வரவில்லை. ஹவானா ரயிலில் கார்டாக இருக்கும் தெல்ஃபின் என் பழைய சிநேகிதன், அவன் கையில் தருகிறேன். குவாந்தனாமோ நிலையத்தில் உன்னைச் சந்திப்பான். ஆகவே உடம்பு நலத்தையெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்கிறேன். ஒரு தடவை வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன்.

தக்காளி இல்லை. படகு. மிலா அமெரிக்காவுக்குப் போகப் போகிறாள். மீன் கூட்டுறவில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர் கூடப் போகிறார்கள். நான் போகவில்லை, என் வயதுக்கு இந்தக் கரையே போதும். படகைக் கட்டித் தருகிறேன். கடல் அடங்கியிருக்கும் ஜூலையில் கிளம்புவதாகத் திட்டம்.

நான் தூண்டவில்லை, தடுக்கப் பார்த்தேன். உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் அவள் நடத்திய ரஷ்ய மொழிப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு கழுவுகிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாமா, நான் கத்துக்கிட்ட பாஷைய பேச இந்தத் தீவுல ஆளில்ல. அம்மா ஊருல இருந்தா முன்னால அமெரிக்கக்காரன் தளத்து வேலி, பின்னால சோதனைச் சாவடி. இங்க வந்தா சுத்தியும் கடல். எங்க திரும்புனாலும் முட்டுது மாமா."

போன மாதம் ஒரு படகைக் கரைக்காவலர்கள் இன்ஜின் சத்தத்தை வைத்தே பிடித்தார்கள். போனவர்கள் மூவரும் உள்ளே இருக்கிறார்கள். அதனால்தான் உன்னிடம் கேட்டேன். சைலன்சர் மட்டும் போதாது. புகையின் வாய் தண்ணீருக்குள் இறங்கினால்தான் மிச்சச் சத்தமும் சாகும். இன்ஜினை நிறுத்தும்போது கடல் தண்ணீர் திரும்பி உள்ளே ஏறிவிடக் கூடாது, அதற்கு முழங்கை மாதிரி மேலே எழும்பிக் கீழே வளையும் குழாய், எல்போ ஒன்று வேண்டும். இரும்பு என்றால் உப்பு தின்றுவிடும். உன் உப்பளத்தில்தான் பித்தளையில் செய்வீர்கள். நீ செய்து தந்தால் அதை நம்பி அவளை ஏற்றுவேன்.

ரிகோ

*

கைமனேரா
15 ஏப்ரல் 1994

ரிகோ,

தெல்ஃபினிடமே இதையும் தருகிறேன்.

உன் கடிதத்தை நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். தெல்ஃபின் எங்கிருந்தோ ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

உன்னை நம்பி அனுப்பினேன். கண் சரியில்லை, அங்கே நல்ல மருத்துவரிடம் காட்டித் தேறட்டும் என்று அனுப்பினேன். நீ படகு கட்டுகிறாய். அவள் வயிற்றில் இருந்தபோது உப்பளத்தில் எங்கள் பம்ப்புகளைப் பொருத்த ஒரு ரஷ்ய அம்மாள் வந்திருந்தாள், பெயர் லுட்மிலா. குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தால் பெரிய ஆளாக வருவாள் என்று நினைத்தேன். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. எனக்குப் பயமாக இருக்கிறது, ரிகோ. போகாதே என்று அவளுக்கு எழுதினால் அவள் முன்னதாகவே போய்விடுவாள், என் மகளை எனக்குத் தெரியும்.

சரி. போகிறாள் என்றால் அரைகுறையாகப் போகக் கூடாது. எல்போவை நான் செய்கிறேன். ஒரு கீறல் இல்லாமல், ஒரு துளி கசியாமல் செய்வேன். அது வந்து சேரும் வரை யாரும் கிளம்பக் கூடாது, மிலாவின் தலையில் கை வைத்து இதற்கு மட்டும் சத்தியம் செய்து கொடு. இனிமேல் தபாலில் தக்காளி பற்றியே எழுதுவோம்.

ஒனேலியா

*

கார்தெனாஸ்
9 மே 1994

அன்புள்ள அக்காவுக்கு,

மழை தொடங்கிவிட்டது, கொசுவும்தான். உனக்கு அங்கே சொட்டு மழை இல்லாமல் உப்பு நன்றாகப் பூத்திருக்கும். மிலாவின் கண் இப்போது தெளிவு; தூரத்தில் வரும் ஃபெர்மினாவை என்னைவிட முன்னால் பார்த்துவிடுகிறாள். சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். அவளே என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

தீயணைப்பு உருளை கிடைத்தது. குழாயில் துளைகளை மிலா கைத் துரப்பணத்தால் போட்டாள். மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. உள்ளங்கை கொப்பளித்ததும் துணியைச் சுற்றிக்கொண்டு போட்டாள். மாட்டிக் கிளப்பினோம். சத்தம் பாதியாகிவிட்டது, ஆனால் பத்து நிமிடத்தில் இன்ஜின் கொதித்து, இருமி, நின்றுவிட்டது. துளை போதாது என்று நினைக்கிறேன். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது நடுவில் இப்படி நின்றால் செடி செத்துப்போகும், இல்லையா?

எல்போ எந்த நிலையில் இருக்கிறது?

ரிகோ

*

கைமனேரா
3 ஜூன் 1994

தம்பி ரிகோ,

இங்கே வெயில். முதுகு பரவாயில்லை, இப்போது முழங்காலும் சேர்ந்துகொண்டது. மிலாவின் உள்ளங்கையில் கற்றாழை தடவு.

துளை போதாது என்பது சரி. இன்னும் ஒரு மடங்கு போடச் சொல். துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் அதுவே தனியாக விசில் அடிக்கும், அரம் போட்டு மழுக்க வேண்டும். பஞ்சை இறுக்கித் திணிக்காதே. அதில் எண்ணெய் ஏறினால் தீப்பிடிக்கும், ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு தடவை பிரித்துப் பார். அப்புறம், ஒரே அறை போதாது. உருளைக்குள் குறுக்கே ஒரு தகடு வைத்து இரண்டு அறையாக்கு. தகட்டில் துளை நடுவில் வரக் கூடாது, ஓரத்தில் வர வேண்டும். புகை நேராக ஓடாமல் திரும்பித் திரும்பிப் போகட்டும். இதற்கெல்லாம் நாள் ஆகும். ஆகட்டும். தக்காளி எங்கும் ஓடிவிடாது.

எல்போ வார்ப்பில் ஒரு குமிழ் விழுந்துவிட்டது. உருக்கித் திரும்ப வார்க்க வேண்டும். கடைசல் மெஷினுக்கு மின்சாரம் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறது. அவசரப்படுத்தாதே.

ஒனேலியா

*

கார்தெனாஸ்
4 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் சொன்னார்கள், தெல்ஃபினிடம் கொடுத்திருக்கிறேன். இங்கே எல்லாரும் இளைத்திருக்கிறோம். ஃபெர்மினாகூட இளைத்துவிட்டாள். மதில்மேல் இப்போது தலை மட்டும் இல்லை, கழுத்தும் தெரிகிறது.

நீ சொன்ன மாதிரியே செய்தோம். இரண்டு அறை, ஓரத்தில் துளை. அக்கா, நீ இதைக் கேட்க வேண்டும், இல்லை, கேட்க முடியாது, அதுதான் விஷயம். இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மிலாவும் சாதாரணமாகப் பேசினோம். அவள் தெருமுனைக்குப் போய் நின்று, ஓடுகிறதா என்று கையால் சைகை செய்து கேட்டாள். நான் தலையாட்டினேன். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

பெட்ரோல் சேர்த்தாயிற்று. வானம் தெளிவாக இருக்கிறது, தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கிறது. தக்காளிக்கு இதைவிட நல்ல பருவம் வராது. எல்போ மட்டும்தான் பாக்கி. தயவுசெய்து அனுப்பு.

ரிகோ

*

கார்தெனாஸ்
2 ஆகஸ்ட் 1994

அக்கா,

ஜூலைக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. இதை தெல்ஃபின் கையில் தருகிறேன். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவன்மேல் கோபப்படாதே, நான் சட்டையைப் பிடித்த பிறகுதான் சொன்னான்.

மே மாதமே எல்போ தயாராக இருந்திருக்கிறது. துணியில் சுற்றி நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாய். பிரித்துக் காட்டியிருக்கிறாய். தங்கம் மாதிரி மின்னியது என்கிறான். அவன் கையிலும் கொடுத்துவிட்டாய். ரயில் நகரும்போது கூடவே ஓடி வந்து, "குடுங்க, இன்னொரு தடவ பாத்துட்டு தரேன்" என்று திரும்ப வாங்கிக்கொண்டாய். ஜூன் மாதமும் அப்படியே. ஜூலையில் அவன் கேட்டதற்கு, மரை சரியில்லை என்று சொல்லியிருக்கிறாய். குமிழ் விழுந்ததாக எனக்கு எழுதினாயே, எப்போது விழுந்தது? உன் கையில் இந்த முப்பது வருடத்தில் எந்த வார்ப்பில் குமிழ் விழுந்தது?

நான் உன்னைத் திட்டப் போவதில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் ரயில் பின்னால் ஓடியிருப்பேன். ஆனால் மிலா சத்தியத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். தெல்ஃபின் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் கடலோரம் போய் நின்றுவிட்டு வருகிறாள். நேற்று என்னிடம், "அம்மா கையில இருந்து வந்தாத்தான் போவேன் மாமா. ஆனா அம்மா அனுப்ப மாட்டாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூட வருகிற பையன்கள் இருவரும் எல்போ இல்லாமலே கிளம்பலாம் என்கிறார்கள். அவர்கள் கிளம்பினால் அவளால் இங்கே இருக்க முடியாது. அவளை எப்படி அனுப்புவது என்பதை நீயே முடிவு செய்.

ரிகோ

*

கைமனேரா
10 ஆகஸ்ட் 1994

ரிகோ,

தெல்ஃபின் இந்தத் தடவை என்னிடமிருந்து எல்போவை வாங்கியதும் நேராக கார்டு பெட்டிக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டான். நல்ல காரியம் செய்தான்.

மரை இடது பக்கம் திரும்பும், வலதில் முறுக்கி உடைத்துவிடாதே. இணைப்பில் சணலும் வண்ணப்பூச்சும் வைத்து இறுக்கு. வளைவின் உச்சி நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்துமுன் ஒரு நிமிடம் வேகமாக ஓட்டச் சொல், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகட்டும். தெரியாத தண்ணீரில் அவளே இன்ஜின் பக்கம் உட்காரட்டும். பையன்களிடம் விடாதே. சைலன்சரைத் தொட்டுச் சுட்டுக்கொள்ளப் போகிறாள், அதன்மேல் ஈரச் சாக்குப் போடு.

துணிக்குள் கோப்ரே மாதாவின் சிறிய பதக்கம் வைத்திருக்கிறேன். அவள் நம்ப மாட்டாள். அவள் நம்ப வேண்டாம், கழுத்தில் கிடந்தால் போதும்.

இது நல்ல எல்போ. மே மாதமும் நன்றாகத்தான் இருந்தது.

ஒனேலியா

*

கார்தெனாஸ்
11 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மிலா உயிரோடு இருக்கிறாள்.

எல்போ வந்து சேர்ந்தபோது ஊரே தலைகீழாகியிருந்தது. போகிறவர்களை இனித் தடுப்பதில்லை என்று மேலிடத்திலேயே சொல்லிவிட்டார்கள். பட்டப்பகலில் கதவு, டிரம், லாரி டயர் என்று கிடைத்ததையெல்லாம் கடலில் இறக்கினார்கள். கரைக்காவலர்கள் நிழலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு வேண்டும் சைலன்சர்? பறையடித்துக்கொண்டு போனாலும் கேட்பாரில்லை. இருந்தும் மிலா மாட்டித்தான் ஆக வேண்டும் என்றாள். மாட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினார்கள். கரையில் திருவிழாக் கூட்டம். நம் படகு மட்டும் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஒருவன், "என்னப்பா, தள்ளிவிட ஆள் வேணுமா?" என்று கேலி செய்தான். ஃபெர்மினா என் பக்கத்தில் நின்றிருந்தாள். "தக்காளி நல்லா வெளஞ்சிருக்கு ரிகோ" என்றாள். திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் தம்பி மகனும் அன்றைக்குத்தான் போனான்.

ஆனால் அக்கா, அவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அக்கரையில் கதவைச் சாத்திவிட்டார்கள். கடலில் எடுத்தவர்களை இனி அமெரிக்காவுக்குள் விடுவதில்லையாம். நாங்கள் அதைக் கேள்விப்பட்டோம், மிரட்டல் என்று நினைத்தோம், இங்கே யாரும் நம்பவில்லை. ஜூலையில் போனவர்கள் எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அக்கரை வானொலியில் பெயர் வாசிக்கிறார்கள். மூன்று வாரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நேற்று அவள் பெயர் வந்தது. அமெரிக்கக்காரனின் கடற்படைத் தளத்தில், முகாமில் இருக்கிறாள். எந்தத் தளம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டுக் கூரையில் ஏறினால் அதன் விளக்குகள் தெரியும்.

அவ்வளவு தூரம் இங்கே அனுப்பினாய். இந்தத் தீவையே சுற்றிக்கொண்டு உன் வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறாள்.

ரிகோ

*

முகாம்
2 அக்டோபர் 1994

அம்மா,

நன்றாக இருக்கிறேன். கண் நன்றாகத் தெரிகிறது. இந்தக் கடிதம் புளோரிடா போய், வேறு ஏதோ நாடு வழியாக ஹவானா போய், அங்கிருந்து உன்னிடம் வருமாம். இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். நான் இருக்கும் இடத்திலிருந்து நம் வீடு ஒரு காலைப்பொழுதில் நடந்துவிடும் தூரம். நடுவில் வேலி, அதற்கப்புறம் கண்ணிவெடி.

உன் சைலன்சர் கடைசி வரை திணறவில்லை. ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் மத்தியானம் வரை ஓடியது. கப்பலிலிருந்து படகுக்கு இறங்கி வந்த அமெரிக்கப் பையன் இன்ஜின் ஓடுவதே தெரியாமல் அதன்மேல் கை வைக்கப் போனான். நான் தட்டிவிட்டேன். எங்களை ஏற்றிக்கொண்டபின் படகுக்குத் தீ வைத்தார்கள். அதற்கு முன் எல்போவைக் கழற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. நான் கற்றுக்கொண்ட ரஷ்ய பாஷையில் கேட்டேன், என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

கிளம்பும் அன்று மாமா எல்லாம் சொல்லிவிட்டார். நீ ரயில் பின்னால் ஓடியதையும். அம்மா, இங்கே கூடாரத்தில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவளின் தங்கை ஜூலையில் கிளம்பினாள். இப்போது மயாமியில் ஒரு சலவைக்கடையில் வேலை செய்கிறாள். எனக்கு இங்கே நாள் முழுக்க வேறு வேலை இல்லை, அதனால் உன்மேல் கோபப்படுகிறேன். எழுதக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

இங்கே ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறினால் உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. தினமும் ஏறுகிறேன். சிலர் வளைகுடாவில் நீந்தி உங்கள் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். நானும் யோசிக்கிறேன். எனக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும், உனக்குத் தெரியும். போகவா, இருக்கவா என்று கேட்க உன்னைத் தவிர ஆளில்லை. நீ பதில் எழுதி அது வருவதற்குள் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

மிலா

*

கைமனேரா
1 டிசம்பர் 1994

என் மிலா,

உன் கடிதம் நேற்று வந்தது. இதை வழியில் பிரித்துப் படிக்கிறவர்கள் எல்லாரும் படித்துக்கொள்ளட்டும். என் உடம்பு நன்றாக இருக்கிறது. நீ கேட்கவில்லை, கோபத்தில் மறந்திருப்பாய், நானே சொல்கிறேன்.

நீந்தாதே. வேலிப் பக்கம் போகாதே. அங்கேயே இரு. ஒரு வருடம் ஆனாலும் இரு, கதவை ஒரு நாள் திறந்துதான் ஆக வேண்டும். நீ திரும்பி வந்தால் நான் கதவைத் திறந்து உன்னைக் கட்டிக்கொள்வேன், அன்றைக்கே நீ மறுபடி சிறைப்பட்டதைப் பார்ப்பேன். எனக்கு அது வேண்டாம். உன்னை வைத்துக்கொள்ள நான் செய்ததெல்லாம் போதும். உன் கோபம் நியாயம், அதை வைத்துக்கொள். அங்கே ஏதாவது ஒன்று உனக்குச் சொந்தமாக இருக்கட்டும்.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நீ தண்ணீரில் இறங்கிவிடுவாயோ என்று நேற்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வேலைக்குப் போனேன். நம் உப்பளத்தில் வளைகுடாவின் ஓரமாகக் கடைசிப் பாத்தியில் பெரிய பம்ப் இருக்கிறதே, அதன் சைலன்சரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். அதிகாலையில் காற்று இங்கிருந்து உங்கள் பக்கம் அடிக்கும். கிளப்பினேன். பெலிக்கன்கள் எல்லாம் பறந்துபோயின, என் காது இன்னும் இரைகிறது. இனிமேல் தினமும் விடியும்போது ஓட்டுவேன். கேட்டால் அது அம்மா என்று வைத்துக்கொள். உன்னைக் கூப்பிடுகிற சத்தம் இல்லை அது. நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கேயே இரு என்கிற சத்தம்.

சூப்பர்வைசர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "என்ன ஒனேலியா, ஊரை எழுப்பவா?" என்றார். சைலன்சர் பழுது என்றேன். எப்போது சரியாகும் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். நீ அந்த இடத்தை விட்டுப் போனாய் என்று தெரிகிற அன்றைக்கு மாட்டிவிடுவேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அம்மா